கணக்கில் வராத பந்து

நவம்பர் 3, சனி.

இன்றைய தப்பு: பந்து தரையில் விழுவதற்கு முன்பே "முழங்கை!" என்று கத்திவிட்டேன். பந்து கோட்டுக்கு உள்ளேதான் விழுந்தது. முழங்கையும் சரியாகத்தான் இருந்தது.

இவ்வளவையும் எழுதிவிட்டு மூத்தவள் பேனாவை மூடினாள். மூடியதை மறுபடி திறந்து, "என்று நினைக்கிறேன்" என்று சேர்த்தாள். அவள் சுபாவம் அப்படி. கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கிற ரகம்.

தினமும் எழுத வேண்டும் என்பது மாலை வகுப்பின் சட்டம். விளையாட்டுப் பயிற்சியாளர் ஆவதற்கான சான்றிதழ் வகுப்பு அது. ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி அறையில், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து படிக்க வேண்டும். பாடம் நடத்துகிற அம்மாள் ஒரு காலத்தில் வாலிபால் ஆடியவர். "ஒரு நாளைக்கு ஒரு தப்பு, ஒரு வரி. சாக்குப்போக்கு எழுதினா நோட்டு உங்க தலைக்கே திரும்பி வரும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பக்கத்துப் பெஞ்சு நீச்சல்காரர் தினமும் "தாமதமாக வந்தேன்" என்று எழுதி ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். மூத்தவளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

அவளிடம் பயிற்சி எடுக்கிற பிள்ளை ஒரே ஒருத்திதான். சொந்தத் தங்கை. வீட்டிலும் டென்னிஸ் கிளப்பிலும் அவளுக்குச் சுண்டெலி என்று பெயர். நடக்கப் பழகிய வயதிலேயே கோர்ட்டில் உருண்டு போகிற பந்துகளின் பின்னால் ஓடி, வலைக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வந்துவிடுவாளாம். இப்போது பதினாறு வயது. அடிக்கிற அடியில் பந்து அழுகிறது என்று கிளப் மெம்பர்களே சொல்வார்கள். ஆனால் வெளியூருக்குப் போனால் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டு வருவாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமையும் அதுதான் நடந்தது.

அக்காளும் தங்கையும் பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். அவர் அதே கிளப்பில் தரை பராமரிக்கிறவர். மூன்று மண் கோர்ட்டுகளும் அவர் பொறுப்பு. மெம்பர்கள் அவரை ரோலர் என்றுதான் கூப்பிடுவார்கள், அவரும் அதில் பெருமைதான் பட்டுக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் கூட்டம் நெரியும் என்பதால் வெளியூர் ஆட்டங்களுக்கு அவர் வந்ததே இல்லை.

வேறு வீடாக இருந்தால் முதலில் ஸ்கோர் கேட்டிருப்பார்கள்.

"தரை எப்படிம்மா?" என்றார் அப்பா.

"படு மோசம்ப்பா." சுண்டெலி ஷூவைக் கழற்றி மூலையில் எறிந்தாள். "ஒரு பந்து இடுப்புக்கு வருது. அடுத்தது கணுக்காலை நக்கிட்டுப் போகுது. எதை நம்பி அடிக்கிறது?"

"தண்ணி விட்டிருக்க மாட்டான். சாயங்காலமே தண்ணி விட்டு ஊறப் போடணும். விடியறதுக்குள்ள மண்ணைச் சமமாக்க வலை இழுக்கணும், வெயில் ஏறுறதுக்குள்ள ரோலர் ஓடி முடிஞ்சிருக்கணும். சம்பளம் வாங்கத் தெரியுதில்ல?"

அம்மா ரொட்டியும் அவித்த முட்டையும் எடுத்து வந்து வைத்தாள். சீருடை தைக்கிற பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, ஞாயிறன்றும் வீட்டில் தைத்துக்கொண்டிருப்பவள். பல்லுக்கிடையில் எப்போதும் ஒரு நூல் துண்டு இருக்கும். அதைத் துப்பிவிட்டுக் கேட்டாள்.

"போன தடவையும் தரைதான் மோசம்னீங்க."

"போன தடவை சிமெண்டுத் தரை. விரிசல் விட்டது," என்றார் அப்பா, நேரில் பார்த்தவர் மாதிரி.

"அதுக்கு முன்னாடி?"

"அது மழை பேஞ்ச தரை."

"சரிங்க. ஜெயிச்ச பொண்ணு எங்க நின்னு ஆடுச்சு? மொட்டை மாடியிலயா?"

சுண்டெலி முட்டையை இரண்டாகப் பிய்த்து, சாப்பிடாமல் தட்டிலேயே வைத்தாள்.

"அடுத்த மாசக் கடைசியில இன்னொரு டோர்னமெண்ட் இருக்கு. அதுலயும் முதல் சுத்துலயே வெளிய வந்தேன்னா ராக்கெட்டைத் தொட மாட்டேன். சத்தியம். அம்மாகூடப் பட்டறைக்குப் போயிடறேன்."

"ஏன்டி, தோத்தவங்களைக் கொண்டுவந்து கொட்டுற இடமா எங்க பட்டறை?" என்றாள் அம்மா. "காலர் தைக்கிறது உன் சர்வீஸ் மாதிரி இல்ல. ரெண்டாவது சான்ஸ் கிடையாது."

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஒரு நல்ல கோச்சாப் பாக்கலாம்," என்றார். "அதட்டி உருட்டிச் சொல்லித் தர ஆளா."

மூத்தவள் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"அந்த டோர்னமெண்ட் வரைக்கும் விடுங்கப்பா. அப்புறம் யாரை வேணும்னாலும் பாருங்க."

சொல்லிவிட்டாளே தவிர, என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

*

திங்கட்கிழமை காலை கோர்ட்டுக்குப் போனபோது அப்பா ஏற்கெனவே பாதி வேலையை முடித்திருந்தார். அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஈரம் பூத்த செம்மண்ணின் மேல் அகலமான வலைத்துண்டைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு, கோர்ட்டின் வெளி ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார். அவர் கால் தடம் பின்னால் வருகிற வலையில் அழிந்துகொண்டே வரும். பிறகு இரும்பு ரோலர். முன்னால் சாய்ந்து, பல்லைக் கடித்துத் தள்ளுவார். முடிந்ததும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, கன்னத்தைத் தரையோடு வைத்துப் பார்ப்பார். தாய் வாரிவிட்ட தலையில் ஒரு மயிர் சிலுப்பி நிற்கிற மாதிரி எங்காவது மண் துளி தூக்கி நின்றால் போதும், மறுபடி ரோலர் போகும். கடைசியாகக் கோடுகளை விளக்குமாற்றால் பெருக்கிவிட்டு, "வாம்மா," என்பார். அந்தத் தரையில் முதலில் கால் வைக்கிறவள் சுண்டெலிதான். அவள் குழந்தையாக இருந்ததிலிருந்து அப்படித்தான்.

மூத்தவள் பந்துக் கூடையை இடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். அவள் கைக்கு ஒரு நிதானம் உண்டு. போடுகிற பந்து அத்தனையும் ஒரே உயரத்தில், ஒரே இடத்தில், தங்கையின் கைக்கு வாகாகப் போய் எழும்பும். சுண்டெலி வெளுத்து வாங்கினாள். நேற்றுத் தோற்றவள் இவள்தானா என்று இருந்தது.

பாதிக் கூடை காலியானபோது ஒரு பந்து கோட்டு நாடாவை அடித்து வைத்த ஆணியின் தலையில் பட்டு, எழும்பாமல் சறுக்கிக்கொண்டு போனது. சுண்டெலி ராக்கெட்டை வீசவே இல்லை. நிமிர்ந்து நின்று கையை உயர்த்தினாள்.

"கணக்கில்ல!"

"கணக்கில்ல," என்று வேலியோரத்திலிருந்து அப்பாவும் சொன்னார். சொல்லிக்கொண்டே சுத்தியலோடு வந்து ஆணியை அடித்து இறக்கினார்.

"கணக்கில்ல," என்று மூத்தவள் வாயும் தானாகச் சொல்லிவிட்டது. அடுத்த பந்தை எடுத்த கை அப்படியே நின்றது.

இந்த வீட்டின் வழக்கம் அது. சுண்டெலி சின்னவளாக இருந்தபோது ஒருநாள் கல்லில் பட்ட பந்து எகிறி மூக்கில் அடித்து ரத்தம் வந்துவிட்டது. அன்று அப்பா அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, "அது பந்தோட தப்பு கண்ணு, கணக்கில்ல" என்று சமாதானம் செய்தார். அன்றிலிருந்து தப்பாக எழும்பிய பந்து எதுவும் இந்தக் குடும்பத்தில் கணக்கில்லை. அதை அடிக்க வேண்டியதில்லை. துரத்த வேண்டியதில்லை. கையை உயர்த்தினால் போதும், அக்காள் வேறு நல்ல பந்தாக ஒன்று போடுவாள்.

நேற்றைய ஆட்டம் மூத்தவள் கண்ணுக்குள் திரும்ப ஓடியது. பந்து கோணலாக எழும்பிய ஒவ்வொரு தடவையும் சுண்டெலி அரை நொடி நின்றாள். கை மேலே போகப் பார்த்தது. பிறகுதான் இது வெளியூர் என்று நினைவு வந்து ஓடினாள். அதற்குள் பந்து போய்விட்டது. போன இடத்தில் குனிந்து தரையைப் பார்த்தாள். மறுபக்கத்துப் பெண் தரையைப் பார்க்கவே இல்லை. கோணலாக வந்ததைக் கோணலாகவே அடித்து அனுப்பிவிட்டு அடுத்ததற்குத் தயாரானாள்.

'அப்பா தரையை உருட்டினார். நான் பந்தை உருட்டினேன்' என்று நினைத்தாள் மூத்தவள். இத்தனை நாள் பயிற்சி கொடுத்தோம் என்று எண்ணிக்கொண்டிருந்தது வெறும் ஊட்டிவிட்டதுதானோ?

"என்னக்கா, பந்தைப் போடு! சிலையா நிக்கிற?"

*

செவ்வாய்க்கிழமை அப்பா ரோலரைக் கழுவிக்கொண்டிருந்தபோது மெல்லப் பேச்செடுத்தாள்.

"அப்பா, ஒரு கோர்ட்டை மட்டும் கொஞ்ச நாளைக்கு உருட்டாம விட்டு வைக்க முடியுமா?"

"ஏன், ரோலருக்கு ஜுரமா?"

"இவளுக்காகத்தான்ப்பா. மேடு பள்ளத்துல ஆடிப் பழகட்டும்."

அப்பா குழாயை மூடினார். "என்ன பேசுற நீ? ஒரு மெம்பர் கால் பிசகி விழுந்தா என்னைத்தான கேப்பாங்க? என் கோர்ட்டுல ஒரு குழி கிடந்தா அப்புறம் நான் எதுக்கு இங்க இருக்கேன்?"

"ஊர்ல எல்லாத் தரையும் உங்க தரை மாதிரி இல்லையேப்பா."

"அது அவங்க குத்தம்." மறுபடி குழாயைத் திறந்தார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

கிளப்பின் பின்புறம் நாலாவது கோர்ட் ஒன்று கிடந்தது. யாரும் ஆடுவதில்லை. கட்டட வேலைக்கு வந்த மணலும் ஜல்லியும் ஒரு மூலையில் குவிந்திருந்தன. ஒரு மரத்தின் வேர் அடியிலிருந்து முட்டி, இடது பக்கத்துத் தரையைப் பாம்பு மாதிரி தூக்கியிருந்தது. அந்த மாதம் மழை விட்டு விட்டுப் பெய்ததில் புல் வேறு. மூத்தவள் செயலாளரிடம் போய்க் கேட்டாள். "அங்கயா? தாராளமா ஆடுங்க. பாம்பு கடிச்சா கிளப் பொறுப்பில்ல," என்றார் அவர்.

புதன்கிழமையும் வியாழக்கிழமையும் அக்காளும் தங்கையுமாகப் புல்லைப் பிடுங்கினார்கள். பழைய வலை ஒன்றைக் கட்டினார்கள். கோடு போடச் சுண்ணாம்புத் தூளைக் கோணியில் தூக்கி வந்தார்கள்.

"ரெண்டு சட்டம்," என்றாள் மூத்தவள். "ஒண்ணு, இங்க எல்லாப் பந்தும் கணக்கு. ரெண்டு, நான் பதில் சொல்ல மாட்டேன். கேள்விதான் கேப்பேன்."

"மாலை வகுப்புல இதைத்தான் சொல்லித் தர்றாங்களா? நானும் வந்து உன்கிட்டக் கேள்வி கேக்கறேன், எனக்கும் சர்ட்டிபிகேட் குடுப்பாங்களா?"

"பேசாம நில்லுடி."

முதல் நாள் சந்திசிரித்துப்போயிற்று. வேரில் பட்ட பந்து மேலே எகிறியது. மணலில் பட்டது செத்து விழுந்தது. சுண்டெலி காற்றில் ராக்கெட்டை வீசினாள். "கணக்கில்ல" என்று கை உயர்த்தினாள்.

"கணக்கு," என்றாள் மூத்தவள்.

"இதெப்படிக்கா கணக்கு? கல்லுல பட்டுச்சு!"

"கல்லுல படப்போகுதுன்னு எப்பத் தெரிஞ்சுது?"

"தெரியல."

"அடுத்ததுல பாரு."

"என்னத்தைப் பாக்குறது? உன் மூஞ்சியையா?"

மூத்தவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. காலைக் குறுகலாக வை, சின்னச் சின்ன அடியாக எடு, ராக்கெட்டை அவ்வளவு பின்னால் கொண்டு போகாதே என்று வரிசையாகச் சொல்லிவிடலாம். சொன்னால் அடுத்த பந்தை அவள் சரியாக அடிப்பாள். அதற்கடுத்ததற்கு மறுபடி அக்காளின் வாயைப் பார்ப்பாள். போட்டியில் அக்காள் வேலிக்கு வெளியே அல்லவா இருப்பாள்? மூத்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கூடையைத் தள்ளி வைத்தாள். கூடையிலிருந்து போட்டால் கை பழைய நிதானத்துக்கே போய்விடுகிறது. தானும் ஒரு ராக்கெட்டை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்றாள். வெட்டியும் இழுத்தும் உயர்த்தியும் அசிங்கமாக ஆடினாள். அசிங்கமாக ஆட அவளுக்குத் தனியாக மெனக்கெட வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வாரத்தில் ஒருநாள் சுண்டெலி ராக்கெட்டை வேலிமேல் விட்டெறிந்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். "நீ கோச்சும் இல்ல ஒண்ணும் இல்ல, என்னை வெச்சுப் பரீட்சை எழுதுற!" என்று திரும்பி நின்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வார்த்தை தைத்தது. அன்று நோட்டில் மூத்தவள் எழுதினாள்: "இன்றைய தப்பு: அவள் களைத்ததைக் கவனிக்கவில்லை. ஒரு பந்து முன்னாலேயே நிறுத்தியிருக்க வேண்டும்." எழுதியபின், அவள் சொன்னது நிஜம்தானோ என்று வெகுநேரம் யோசித்தாள். காலையில் வழக்கம்போல் எழுந்து ஷூ கட்டினாள். வாசலில் சுண்டெலி ஏற்கெனவே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பசிக்குது, வாழைப்பழம் எடுத்துக்கோ," என்றாள் சுண்டெலி தெருவில். சமாதானம் ஆயிற்று.

மாதம் மெல்ல நகர்ந்தது. எங்கே பட்டது, எப்போது தெரிந்தது, என்ன செய்தாய் என்று இவள் கேட்பாள். அவள் முதலில் "தெரியல" என்றாள். பிறகு "லேட்டாத் தெரிஞ்சுது" என்றாள். பிறகு ஒருநாள், கேட்பதற்கு முன்பே, "அது சாகப்போகுதுன்னு விழும்போதே தெரிஞ்சுதுக்கா, ஆனா கால் வரல," என்றாள். மூத்தவளுக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "கால் வர என்ன பண்ணலாம்?" என்று மட்டும் கேட்டாள். சுண்டெலி யோசித்தாள். எதிராளி அடிக்கிற சமயத்தில் லேசாக ஒரு துள்ளல் துள்ளி இறங்கிப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். புத்தகத்தில் அதற்குப் பெயரே இருக்கிறது. மூத்தவள் பெயரைச் சொல்லவில்லை. அவளாகக் கண்டுபிடித்தது அவளுடையதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இதையெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார். முன் கோர்ட்டில் வலை இழுக்கிற சாக்கில் வருவார், கொஞ்சநேரம் நின்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போவார்.

*

டோர்னமெண்டுக்கு முந்தைய வாரம் ஒரு காலை, பின்கோர்ட்டுக்கு வந்த இருவரும் வாயைப் பிளந்து நின்றுவிட்டார்கள்.

தரை கண்ணாடி மாதிரி இருந்தது. வேர் வெட்டி எடுக்கப்பட்டு, குழி நிரவப்பட்டு, மணல் அள்ளப்பட்டு, ஈரம் பூத்த மண்ணின்மேல் ரோலர் போன தடம்கூடத் தெரியாமல் இழைத்திருந்தது. அப்பா ஓரத்தில் உட்கார்ந்து, சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். இருட்டோடு வந்து செய்திருக்க வேண்டும். முகத்தில் கொள்ளைச் சிரிப்பு.

"வாம்மா," என்றார் சுண்டெலியிடம். "மனசு கேக்கல. நீ தடுக்கித் தடுக்கி விழறதைப் பாத்துட்டு எப்படி இருக்கச் சொல்ற?"

மூத்தவள் வாழ்க்கையில் அப்பாவை எதிர்த்துப் பேசியதில்லை. அன்று பேசினாள்.

"யாரைக் கேட்டுப்பா செஞ்சீங்க?"

"யாரைக் கேக்கணும்? தரை என் வேலை."

"இவ ஆட்டம் என் வேலை. கொஞ்ச நாளைக்காவது."

"நல்லது செஞ்சா கோவிச்சுக்குற?"

"நல்லதுதான்ப்பா. நீங்களும் நல்லதுதான் செஞ்சீங்க, நானும் நல்ல நல்ல பந்தாத்தான் போட்டேன். அந்த நல்லதுதான் இவளை வெளியூர்ல நட்டாத்துல விடுது. தரை கோணலானா இவளுக்குக் கை மேல போகுது. உங்களைக் கூப்பிடுது அந்தக் கை. வந்து சரி பண்ணுங்கன்னு. அங்க நீங்க இல்லப்பா. நானும் இல்ல."

அப்பா சுண்டெலியைப் பார்த்தார். அவளாவது தன் பக்கம் பேசுவாள் என்று நினைத்திருப்பார். அவள் ராக்கெட்டின் நரம்பை விரலால் நெருடிக்கொண்டு, "வேர்ல பட்டு வர்ற பந்தை இப்பத்தான்ப்பா அடிக்கப் பழகினேன்," என்றாள். "அதைப் போய் வெட்டிட்டீங்க."

அவர் சட்டையை உதறி மாட்டிக்கொண்டு போனார். அன்று சாப்பிடும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. "ரோலருக்கு ரோசம் வந்துட்டுது போல," என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். மூத்தவள் தட்டைக் கழுவிக்கொண்டே நின்றாள். கழுவிய தட்டையே திரும்பக் கழுவினாள்.

"விடுடி," என்றாள் அம்மா தணிந்த குரலில். "அந்த மனுஷன் பாசத்தைக் காட்ட வேற வழி கத்துக்கல. உனக்கு மட்டும் தெரியுமாக்கும்? சின்னவளுக்குப் பந்தை எப்படிப் போடுவ, பூப் போடற மாதிரி! ரெண்டு பேரும் ஒரே அச்சு."

மறுநாள் காலை பின்கோர்ட்டில் அப்பா நின்றிருந்தார். கையில் ரோலர் இல்லை, மண்வெட்டி. தரை வெளிப்பார்வைக்கு நேற்றைப்போலவே சமமாக இருந்தது. சுண்டெலி முதல் பந்தை அடிக்க ஓடினாள். அது எழும்பாமல் படுத்துக்கொண்டது. இரண்டாவது, அதற்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது, தோளுக்கு ஏறியது. மூன்றாவது பக்கவாட்டில் திரும்பி ஓடியது.

"என்னப்பா பண்ணீங்க?" என்றாள் மூத்தவள்.

"அங்கங்க கிளறிவிட்டு மேல மெழுகியிருக்கேன். அங்கங்க இறுக்கி வெச்சிருக்கேன். வேர் இருந்தா கண்ணுக்குத் தெரியும், பாத்துப் பழகிடுவா." அவர் மண்வெட்டியைத் தோளில் சாய்த்தார். "ஆயுசு பூரா கட்டிக் காத்ததைக் கையால கெடுக்கறது என்னான்னு எனக்குத்தான் தெரியும்."

"எங்கெங்கப்பா கிளறியிருக்கீங்க?" என்று கத்தினாள் சுண்டெலி மறுமுனையிலிருந்து.

அப்பா வாயைத் திறந்தார். மூத்தவளைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"நீயே கண்டுபிடி," என்றார்.

*

டோர்னமெண்டுக்கு அப்பாவும் வந்தார். மெம்பர்களிடம் சொல்லிவிட்டு விடுப்பு எடுத்திருந்தார். அம்மாவும் வந்தாள், தையலையும் கையோடு எடுத்துக்கொண்டு. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அப்பாவின் கண் நேராகத் தரைக்குப் போயிற்று. அது காய்ந்து வெடித்திருந்தது. கோட்டு நாடாக்கள் விளிம்பில் தூக்கிக்கொண்டு நின்றன. அவர் கை துறுதுறுத்தது. அம்மா பிடித்து இழுத்து, "உக்காருங்க, இது உங்க கோர்ட்டு இல்ல," என்றாள்.

மூத்தவள் தன் இரு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள். சைகை காட்டுகிற கை அது. அதன்மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை.

எதிரில் ஆடியவள் உயரமான பெண். முதல் செட்டைச் சுண்டெலி இழந்தாள். ஆனால் இழந்த விதம் வேறு மாதிரி இருந்தது. பந்து சறுக்கியபோது அவள் நிற்கவில்லை. கை மேலே போகவில்லை. சின்ன அடிகளாக ஓடி, கடைசி நேரத்தில் மணிக்கட்டை மடக்கி, எப்படியோ வலைக்கு மேலே தள்ளிவிட்டாள். பாதி வெளியே போனது. பாதி உள்ளே விழுந்தது. இரண்டாவது செட்டில் உள்ளே விழுந்தவை கூடின. ஒரு தடவை கோட்டு நாடாவில் பட்டு நெஞ்சுக்கு எகிறிய பந்தைப் பின்னால் சாய்ந்து, இரண்டு கையாலும் வெட்டி எதிர்மூலையில் போட்டாள். உயரமான பெண் அசந்து நின்றாள். "அடியாத்தி!" என்று அம்மா ஊசியை விரலில் குத்திக்கொண்டாள். செட் சுண்டெலிக்கு.

மூன்றாவது செட் இழுத்தது. வெயில் ஏறியது. அப்பா வேலிக்கம்பியை இறுகப் பிடித்தபடி நின்றார், வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. சுண்டெலி ஒரு தடவைகூட வேலிப் பக்கம் திரும்பவில்லை. அதைக் கவனித்தபோது மூத்தவளுக்குச் சந்தோஷமும் கொஞ்சம் வெறுமையும் சேர்ந்து வந்தது. கடைசி கேமில் ஒரு பாயிண்டில் பந்து வெடிப்பில் பட்டு முற்றிலும் திரும்பிப் போனது. யாராலும் எடுக்க முடியாத பந்து. சுண்டெலி அதற்கும் ஓடி விழுந்தாள். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய் நின்றாள். அடுத்த பாயிண்டில் அவளே வெளியே அடித்துவிட்டாள். முடிந்தது. தோல்வி. முதல் சுற்று.

வலையருகே கைகுலுக்கும்போது உயரமான பெண் என்னவோ சொல்ல, சுண்டெலி சிரித்தாள். வேலிக்கு வெளியே யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவள் போட்ட சத்தியம் எல்லோர் தலைக்கு மேலும் தொங்கிற்று.

பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா தையலை எடுக்கவில்லை. மூத்தவள், ஒரு நல்ல கோச் யார் கிடைப்பார் என்று மனசுக்குள் முகங்களைத் தேடிக்கொண்டிருந்தாள். சொன்ன சொல் சொன்னதுதான். பாதி வழி போனதும் சுண்டெலி முழங்கால் சிராய்ப்பை ஊதிக்கொண்டே பேசினாள்.

"அக்கா, அந்தக் கடைசிப் பந்து தரையால போகல. நான் ரொம்பப் பின்னாடி நின்னேன். அவ உயரமா அடிப்பான்னு பயந்து."

மூத்தவள் மெதுவாகக் கேட்டாள். "எப்பத் தெரிஞ்சுது?"

"அடிக்கும்போதே. ரெண்டடி முன்னால நின்னு எடுத்துப் பழகணும். நாளைக்கு அதைப் பாக்கலாம். அப்பா, எகிறுற இடமா நாலஞ்சு வேணும்."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"ஏன்டி, தோத்தா ராக்கெட்டைத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணின?"

சுண்டெலி ஒரு கையை உயர்த்தினாள்.

"அது கணக்கில்ல," என்றாள்.

அம்மா சிரிக்கத் தொடங்கினாள். அப்பா ஜன்னலைவிட்டுத் திரும்பவே இல்லை, ஆனால் தோள் குலுங்கியது. பிறகு, "கோச் பாக்கற பேச்சும் கணக்கில்ல," என்றார் கண்ணாடியைப் பார்த்தபடியே.

வீட்டுக்கு வந்ததும் மூத்தவள் கால்கூடக் கழுவாமல் நோட்டைத் திறந்தாள்.

டிசம்பர் 30, ஞாயிறு.

இன்றைய தப்பு: எதிராளி பந்தை வலையில் அடித்தபோது ஒரு தடவை கை தட்டிவிட்டேன். கைகள் எப்போது தொடைக்கு அடியிலிருந்து வெளியே வந்தன என்று தெரியவில்லை.

நாளை: காலை, பின்கோர்ட். கூடை வேண்டாம். கோட்டுக்கு உள்ளே ரெண்டடி முன்னால் நிற்கப் பழக வேண்டும். அப்பா எங்கெங்கே இறுக்கி வைக்கிறார் என்று நானும் பார்க்கக் கூடாது. அவள் சொல்கிறவரை நான் வாய் திறப்பதில்லை.